சேட்டைக்கார ஆட்டுக்குட்டியை அச்சில் ஏற்றுவது எப்படி: முதல் படக்கதைப் புத்தகம் போடுபவர்களுக்கு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பிறந்த ஊர் கடலூர் முதுநகர். மீன் கூடைகளைச் சுற்றித் திரியும் பூனைகளையும், பசை காய்வதற்குள் சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும் ஆடுகளையும் பார்த்து வளர்ந்தவள். அவற்றை வைத்து வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த கதையை 2024இல் சொந்தமாகப் புத்தகமாகப் போட்டேன். 24 பக்கம், எல்லாம் வண்ணப் படங்கள், 500 பிரதி. கதாநாயகி செம்பி என்ற ஆட்டுக்குட்டி. கூட்டாளி வஞ்சரம் என்ற பூனை.

ஏழு மாதத்தில் முடிய வேண்டிய வேலை எனக்குப் பதினான்கு மாதம் இழுத்தது. வரைந்து முடித்த ஏழு படங்களை ஓரங்கட்ட வேண்டி வந்தது. அதில் மட்டும் 10,500 ரூபாய் போயிற்று. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று சொல்ல ஆள் இல்லாததுதான் காரணம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். தொகைகள் நான் கொடுத்தவை. உங்கள் ஓவியரையும் அச்சகத்தையும் பொறுத்து ஏறும், இறங்கும்.

1. கதையை முதலில் பிள்ளைகளிடம் வாசித்துப் பாருங்கள்

இதற்குச் செலவே இல்லை. ஆனால் ஒரு மாதம் கட்டாயம் ஒதுக்குங்கள். நான்கிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகள் ஐந்தாறு பேரை உட்காரவைத்து வாசியுங்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். டீச்சர் கேட்டால் எல்லாப் பிள்ளையும் "நல்லா இருக்கு மிஸ்" என்றுதான் சொல்லும்.

படக்கதையில் சிரிப்பு வரும் இடம் பெரும்பாலும் எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே இருக்கிறது. என் முதல் பிரதியில், "செம்பி தலைமை ஆசிரியரின் குடையைக் கடித்துத் தின்றது" என்று எழுதியிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதை, "செம்பி இப்போதெல்லாம் ரொம்ப நல்ல பிள்ளை. பேப்பர் தின்பதையே விட்டுவிட்டது" என்று மாற்றினேன். படத்தில் அது குடையின் கடைசிக் கம்பியை மென்றுகொண்டிருக்கும். பிள்ளைகள் படத்தைக் காட்டிக் காட்டிக் கத்தினார்கள். கதை சொல்பவருக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான் அவர்களுக்குக் கொண்டாட்டம். ஆகவே படம் காட்டும் எதையும் எழுத்தில் திரும்பச் சொல்லாதீர்கள். அப்படி வெட்டியதில் 900 சொல் இருந்த என் கதை 380 சொல்லாகக் குறைந்தது. அதுவே கூடுதல் என்று இப்போது தோன்றுகிறது.

ஒலிச்சொற்களைத் தாராளமாகப் போடுங்கள். குடுகுடு, மொறுமொறு, தொபுக்கடீர் என்று வாய்விட்டு வாசிக்கும்போதுதான் தமிழில் சிரிப்பு கிளம்புகிறது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு "எடுத்துக்கொண்டோடியது" என்பது மலை ஏறுகிற வேலை. "எடுத்தது, ஓடியது" என்று பிரித்துவிடுங்கள்.

கடைசிப் பக்கத்தில் ஆடு திருந்த வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். நான் திருத்தவில்லை. திருந்திய ஆட்டின் கதையை எந்தப் பிள்ளையும் இரண்டாம் முறை கேட்பதில்லை என்பதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

2. ஓவியரைத் தேடும் முன் அச்சகத்துக்குப் போங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். சதுரமான புத்தகம் அழகாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, சதுரத்திலேயே ஏழு படம் வரையச் சொல்லிவிட்டேன். அப்புறம் படக் கோப்புகளை எடுத்துக்கொண்டு அச்சகம் போனால், "டீச்சர், இந்த சைஸுக்கு ஷீட்ல கால்வாசி வெட்டித்தான் போடணும். அந்தப் பேப்பர் காசும் உங்க கணக்குலதான் வரும்" என்றார் அங்கிருந்த அண்ணன். படத்தை நீள்சதுரமாக மாற்றப் பார்த்தால் செம்பியின் கொம்பும் வஞ்சரத்தின் வாலும் வெளியே போயின.

தமிழில் சிறுவர் புத்தகங்கள் பல கிரவுன் 1/4 அளவில் வரும். வெட்டி முடித்தபின் சுமார் 18 × 24 செ.மீ. டபுள் கிரவுன் தாள் 20 × 30 அங்குலம். அந்த ஒரு ஷீட்டின் இரண்டு பக்கமும் அடித்து மடித்தால் கிரவுன் 1/4இல் சரியாக 16 பக்கம் கிடைக்கும், தாள் வீணாகாது. ஆகவே உள்பக்கம் 16, 24, 32 என்று கணக்கு வையுங்கள். 24 என்றால் ஒன்றரை ஷீட். அட்டை தனி.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் என்பதால் இந்த விதியில் தளர்வே கிடையாது. "கதை 30 பக்கத்தில் முடிகிறது" என்று ஓவியரிடம் சொல்லிவிட்டால், இரண்டு பக்கத்தை வெறுமனே விட வேண்டும், அல்லது இரண்டு பக்கத்தைப் பிடுங்க வேண்டும்.

அச்சகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை: வெட்டிய பின் அளவு, சுற்றிலும் விட வேண்டிய ப்ளீட் (வெட்டும்போது வெள்ளை தெரியாமல் இருக்கப் படத்தை ஓரம் தாண்டி நீட்டுவது, வழக்கமாக 3 மி.மீ.), உள்தாளும் அட்டையும் என்ன கனம், கோப்பு எந்த வடிவில் வேண்டும். என் புத்தகம் உள்ளே 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) ஆர்ட் பேப்பர், அட்டை 250 ஜிஎஸ்எம், மேலே லேமினேஷன். சின்னப் பிள்ளைகள் ஈரக்கையோடு தொடுவார்கள், அதனால் அட்டையில் லேமினேஷனைக் குறைக்காதீர்கள்.

3. டம்மி செய்யுங்கள்

ஏ4 தாள்களை மடித்து, நடுவில் பின் அடித்து, 24 பக்கத்துக்கு ஒரு வெற்றுப் புத்தகம் செய்யுங்கள். பக்க எண் போட்டு, எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று பென்சிலால் எழுதுங்கள். ஒரு சாயங்காலத்தில் முடியும் வேலை. ஆனால் இதைச் செய்த பிறகுதான் எனக்குப் புத்தகம் என்றால் என்ன என்று பிடிபட்டது.

என் கணக்கு இப்படி வந்தது. 1ஆம் பக்கம் தலைப்பு. 2ஆம் பக்கம் விவரக் குறிப்பு. 3ஆம் பக்கம் கதை ஆரம்பம். 4-5 முதல் 22-23 வரை பத்து இரட்டைப் பக்கங்கள். 24இல் கடைசிச் சேட்டை. ஆக, உள்ளே 12 படம், அட்டைக்கு ஒன்று.

வலப்பக்கத்தின் கடைசி வரியில் பிள்ளையைக் காக்கவையுங்கள், பக்கத்தைப் புரட்டியதும் குட்டை உடையுங்கள். "வஞ்சரம் கூடைக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே..." என்று வலப்பக்கத்தில் நிறுத்தினால், அடுத்த பக்கத்தில் மீனுக்குப் பதிலாகச் செம்பி உட்கார்ந்திருக்கலாம். இதே இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால் பிள்ளை முதலிலேயே பார்த்துவிடும். சிரிப்பு போச்சு.

இரட்டைப் பக்கப் படத்தில் நடுமடிப்பு எங்கே விழுகிறது என்று டம்மியில் ஒரு கோடு போடுங்கள். கண், வாய், முக்கியமான கை எதுவும் அந்தக் கோட்டில் வரக் கூடாது. எழுத்து ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே இருக்கட்டும்.

4. ஓவியரோடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்

அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருப்பதால் நம் பக்கத்தில் ஓவியம் படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. எனக்கு வரைந்தது அங்கே படித்து முடித்த ஒரு தம்பிதான். ஆள் தேடும்போது அவர் வரைந்த அழகான ஓவியங்களைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஒரே ஆட்டை ஐந்து விதமாக வரையச் சொல்லுங்கள்: ஓடும்போது, திருடும்போது, மாட்டிக்கொண்டபோது, ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும்போது, தூங்கும்போது. ஐந்திலும் அது அதே ஆடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைப் படத்துக்குக் காசு கொடுங்கள். நான் 500 ரூபாய் கொடுத்தேன். சும்மா வரைந்து தரச் சொல்வது நியாயம் இல்லை.

எனக்கு ஆன செலவு: இரட்டைப் பக்கப் படம் ஒன்றுக்கு 1,500 வீதம் பத்துக்கு 15,000. ஒற்றைப் பக்கம் இரண்டுக்கு 2,000. அட்டை 3,000. மொத்தம் 20,000. மூன்று தவணையாகக் கொடுத்தேன்: தொடங்கும்போது, பென்சில் கோட்டோவியம் முழுவதும் முடிந்தபோது, வண்ணக் கோப்புகள் கைக்கு வந்தபோது. திருத்தம் எல்லாவற்றையும் பென்சில் நிலையிலேயே கேட்டுவிடுங்கள். வண்ணம் தீட்டிய பிறகு "பூனையைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுப்பா" என்று சொல்வது, அவர் வேலையைப் பாதியிலிருந்து திரும்பச் செய்யச் சொல்வதாகும்.

எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: எத்தனை படம், என்ன அளவு, எந்தத் தேதி, எவ்வளவு பணம், எத்தனை திருத்தம், படங்களை எங்கெல்லாம் எவ்வளவு காலத்துக்குப் பயன்படுத்தலாம், மின்புத்தகமும் வேறு மொழிப் பதிப்பும் இதில் சேருமா, அவருக்கு எத்தனை பிரதி. காலமும் இடமும் எழுதுவதை மறக்காதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் கொள்வார்கள். ஆறாவது வருடம் மறுபதிப்புப் போடும்போது இது வந்து நிற்கும்.

ஓவியர் பெயர் அட்டையில் உங்கள் பெயருக்குச் சமமாக வர வேண்டும். படக்கதையில் பாதிக் கதை அவர் சொல்வது.

இன்னொன்று. இணையத்தில் கிடைத்த பூனைப் படத்தையோ, கணினியே உருவாக்கித் தரும் படத்தையோ நடுவில் சேர்க்கவில்லை என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு யாராவது உரிமை கேட்டு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் புத்தகம் போட்ட நீங்கள்தான்.

5. எழுத்துருவும் பக்க வடிவமைப்பும்

லேஅவுட்டுக்கு நான் 4,000 ரூபாய் கொடுத்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. கதையை யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுங்கள். வடிவமைப்பவர் பழைய முறை எழுத்துருவில் வேலை செய்கிறவராக இருந்தால் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். "கொ" என்பது "க" தனியாகவும் கொம்பு தனியாகவும் நிற்கும். மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. கூகுள் எழுத்துருக்களில் உள்ள பலூ தம்பி, முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் இருப்பதால் புத்தகத்தில் பயன்படுத்தக் காசு கட்ட வேண்டியதில்லை. பலூ தம்பி பருமனாகவும் உருண்டையாகவும் இருப்பதால் தலைப்புக்குப் பொருந்தும். கதைக்கு 18 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள்.

அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்துக்களை அவுட்லைனாக, அதாவது கோட்டு வடிவப் படமாக, மாற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து உடையாது. படங்கள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), வண்ணம் சிஎம்ஒய்கே (அச்சு மையின் நான்கு நிறங்களில் அமைவது). திரையில் பளபளக்கும் கிளிப்பச்சையும் ரோஸும் ஆர்ஜிபி, அதாவது ஒளியில் உருவாகும் வண்ணம். மையில் அவை மங்கித்தான் வரும். ஓவியர் முதலிலிருந்தே சிஎம்ஒய்கேயில் வரைந்தால் கடைசியில் ஏமாற்றம் இருக்காது.

6. ஐஎஸ்பிஎன் எண்

ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு புத்தகத்துக்கும் உலக அளவில் தரப்படும் அடையாள எண். அது முற்றிலும் இலவசம். இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த எண்ணை வாங்கித் தர 2,000, 3,000 என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பதிப்பகம் வைத்திருக்க வேண்டியதில்லை, தனி எழுத்தாளராகவே பதியலாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார் போன்ற அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புத்தகத்தின் தலைப்புப் பக்கம், அட்டை வடிவம், பக்க எண்ணிக்கை, உத்தேச விலை. பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். நான் ஆதாரில் இனிஷியல் பின்னால், அட்டையில் முன்னால் என்று கொடுத்துவிட்டு, திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. மூன்று வாரம் அதில் போனது. எனவே ஓவியர் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

வேறு நிறுவனத்தின் எண்ணைப் போட்டுக்கொண்டால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான். அதே புத்தகம் மின்புத்தகமாகவோ இன்னொரு மொழியிலோ வந்தால் தனி எண் வேண்டும். மாற்றமில்லாத மறுஅச்சுக்குப் பழைய எண்ணே போதும். எண் வந்ததும் பின்னட்டையில் பார்கோடு வைக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு, அகலம் 3 செ.மீ.க்குக் குறையாமல். என் ஓவியர் பார்கோட்டைச் செம்பி கடிப்பதுபோல் வரைந்துவிட்டார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் கோடு மறைந்தால் கடையில் ஸ்கேன் ஆகாது. ஆட்டைத் தள்ளி நிற்கவைத்தோம்.

7. பதிப்புரிமைப் பதிவு

கட்டாயம் இல்லை. எழுதிய உடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. உங்கள் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் இருக்கும். பதிவு என்பது பிறகு தகராறு வந்தால் காட்ட ஒரு சான்று. இணையத்தில் படிவம் 14 நிரப்பி விண்ணப்பிக்கலாம். எழுத்துப் படைப்புக்கு 500, ஓவியப் படைப்புக்குத் தனியாக 500. ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு, சான்றிதழ் வர அதற்கு மேலும் ஆகும். முதல் புத்தகத்துக்கு நான் செய்யவில்லை. ஓவியரோடு ஒப்பந்தம் இருந்தால் அவசரப்பட வேண்டாம் என்பது என் எண்ணம்.

8. எங்கே, எப்போது அச்சடிப்பது

100 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல், கணினிக் கோப்பிலிருந்தே நேராக அடிப்பது. அதற்குப் புதுச்சேரியிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் வண்ணப் புத்தகம் பிரதிக்கு 150 ரூபாய்க்கு மேல் போகும், விற்று எடுக்க முடியாது. 500 என்று வந்துவிட்டால், தகடு செய்து மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்தான். சென்னை, சிவகாசி, உள்ளூர் என்று குறைந்தது மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். மூன்றுக்கும் ஒரே விவரத்தை எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் 100 ஜிஎஸ்எம்முக்கும் இன்னொருவர் 130க்கும் விலை சொல்வார்கள். ஜிஎஸ்டி சேர்த்தா, லேமினேஷன் சேர்த்தா, லாரி வாடகை யாருடையது என்று கேளுங்கள். புத்தக விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை என்றாலும் அச்சக பில்லில் வரி வரும்.

எனக்கு வந்த விலை, வரியோடு: 500 பிரதிக்கு 31,000 ரூபாய், 1,000 பிரதிக்கு 43,000. பிரதிக்கு 62, 43 என்று ஆகிறது. இந்த வித்தியாசத்தைப் பார்த்து ஆயிரத்துக்குத் தாவாதீர்கள். முதல் புத்தகத்தின் ஐநூறை விற்கவே ஓராண்டு ஆகும்.

காலம் முக்கியம். சிவகாசி அச்சகங்கள் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை காலண்டர், டைரி வேலையில் மூழ்கியிருக்கும். கோடை விடுமுறையில் நோட்டுப் புத்தகம். சின்ன ஆர்டர்கள் அப்போது பின்னால் தள்ளப்படும். டிசம்பரில் புதுச்சேரி புத்தகக் கண்காட்சிக்கும் பொங்கலையொட்டிய சென்னைக் கண்காட்சிக்கும் வேண்டும் என்றால் ஆகஸ்டுக்குள் கோப்பைக் கொடுத்துவிடுங்கள். ஜூன் கடைசி, ஜூலையில் நடக்கும் நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு வேண்டும் என்றால் முந்தைய ஆண்டு டிசம்பரில் கதையைத் தொடங்க வேண்டும்: கதையும் டம்மியும் ஒரு மாதம், படம் இரண்டரை மாதம், லேஅவுட் இரண்டு வாரம், ப்ரூஃப் (சரிபார்க்க அடித்துத் தரும் மாதிரி) ஒரு வாரம், அச்சு மூன்று வாரம். மீதி நாட்கள் தாமதத்துக்கு.

ப்ரூஃப் கட்டாயம் தாளில் வாங்குங்கள். 600 ரூபாய் ஆயிற்று. கைபேசியில் வரும் பிடிஎஃப் பார்த்து "ஓகே" சொல்லிவிடாதீர்கள். வெட்டி, மடித்து, பின் அடித்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் பன்னிரண்டு முறை பார்த்தும் விட்ட ஒரு பிழையை, செம்பிக்கு ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்து கால் இருப்பதை, யுகேஜி பையன் ஒருவன் கண்டுபிடித்தான். அப்புறம் ப்ரூஃபின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

9. விலை போடுவது

மொத்தம்: ஓவியம் 20,000, லேஅவுட் 4,000, ப்ரூஃப் 600, அச்சு 31,000, லாரி வாடகை 1,200. ஆக 56,800. பிரதிக்குச் சுமார் 114 ரூபாய். ஓவியருக்குக் கொடுத்த சோதனைப் பணமும், நான் விரயம் செய்த ஏழு படமும் இதில் சேரவில்லை.

அட்டை விலை 150 வைத்தேன். கடைக்காரர்கள் 35 முதல் 40 சதவீதம் கழிவு கேட்டார்கள். 40 என்றால் கைக்கு வருவது 90. ஐநூறில் 40 பிரதி ஓவியருக்கும் நூலகங்களுக்கும் நண்பர்களுக்கும் போய்விடும். மீதி 460இல் பாதியை நீங்களே நேரில் விற்று, பாதியைக் கடை மூலம் விற்றால் 34,500 + 20,700 = 55,200. போட்ட பணம் ஏறக்குறைய திரும்பும். கடையை மட்டும் நம்பினால் 41,400தான். கடன் வாங்கிப் புத்தகம் போடாதீர்கள்.

கையில் பணம் இல்லை, ஆனால் கதை பிள்ளைகளிடம் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. அங்குள்ள பெரும்பாலான படங்கள் சிசி பை 4.0 உரிமத்தில் உள்ளவை. வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். உங்கள் கதையையும் அங்கே வெளியிடலாம். ஆனால் அதே உரிமத்தில் உங்கள் கதையை மற்றவர்களும் எடுத்தாளலாம் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

10. பெட்டி வந்து இறங்கிய பிறகு

ஒரு பிரதி சுமார் 90 கிராம், 500 பிரதி 45 கிலோ. பெட்டிகளைப் பிரித்து உடனே எண்ணுங்கள். பக்கம் மாறி மடித்தவை, பின் விலகியவை இருக்கும். முதல் வாரத்திலேயே படம் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினால் மாற்றித் தருவார்கள்.

நம் கடற்கரை ஊர்களில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புத்தகத்தைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள். என் பெட்டிகள் 2024 நவம்பரில் வந்தன. மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல். கீழ்வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஆர்ட் பேப்பர் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அட்டை போல் ஆகிவிடும். பிரித்தால் படம் உரிந்து வரும். அடிப்பெட்டியில் இருந்த 60 பிரதிகள் அப்படிப் போயின. மாடியில், பலகை போட்டு, பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள்.

வெளியிட்ட 30 நாளுக்குள் நான்கு நூலகங்களுக்கு உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். அனுப்பிய ரசீதுகளை ஐஎஸ்பிஎன் தாள்களோடு ஒரே கோப்பில் வையுங்கள்.

தபாலுக்கு, 2025 மே 1 முதல் அஞ்சல் துறை ஞான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியிருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100, வரி தனி. எங்கே போகிறது என்று பின்தொடரலாம். புத்தகத்தில் பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. ஆகவே இரண்டாம் பக்கத்தில் அச்சகத்தின் பெயரைப் போட மறக்காதீர்கள். மெல்லிய உறையில் போட்டால் மூன்று பிரதி 300 கிராமுக்குள் அடங்குகிறது. வீட்டில் எடை பார்த்துவிட்டுப் போங்கள்.

11. விற்பது

நூலக ஆணை, அதாவது பொது நூலகங்களுக்காக அரசு புத்தகம் வாங்கும் ஆணை, வரும் என்று கணக்குப் போட்டு அச்சடிக்காதீர்கள். வந்தால் சந்தோஷம், அவ்வளவுதான். விண்ணப்பம் கேட்கும்போது வெளியான ஆண்டும் ஐஎஸ்பிஎன்னும் பார்ப்பார்கள், அதனால் இரண்டும் சரியாக அச்சாகியிருக்கட்டும்.

கண்காட்சியில் தனி அரங்கு எடுக்க முதல் புத்தகத்துக்குக் கட்டுப்படியாகாது. ஏற்கெனவே சிறுவர் நூல் விற்கும் அரங்கில் பேசி 20 பிரதி வையுங்கள். எத்தனை கொடுத்தீர்கள், என்ன கழிவு, எப்போது பணம் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் ஓரிடத்தில் வாய்ப்பேச்சாகக் கொடுத்த 25 பிரதிக்கு இன்றுவரை பணமும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை.

எனக்கு அதிகம் விற்றது பள்ளிகளில். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் இங்கே லாஸ்பேட்டையிலும் தலைமை ஆசிரியரை முன்கூட்டியே பார்த்து, கதை சொல்ல அரை மணி நேரம் கேட்டேன். புத்தகத்தை விற்கிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது, பெற்றோருக்கு ஒரு சீட்டு மட்டும் கொடுத்தனுப்பலாம் என்று சில பள்ளிகளில் சொன்னார்கள். அது சரிதான். கதையைச் சொல்லிவிட்டுச் சீட்டைக் கொடுங்கள். மறுநாள் காலை பிள்ளைகளே பையில் காசோடு வருவார்கள், 150க்குச் சில்லறை எடுத்துப் போக மறக்காதீர்கள்.